ரை வேறு, கம்பு வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் அமெரிக்க விஸ்கிகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். இப்போது சான் பிரான்சிஸ்கோவில் மகள் வீட்டில் இருக்கிறேன். பேப்பரை போனில்தான் படிக்கிறேன். மதுவைப் பற்றி நம் பத்திரிகைகளில் எழுதுகிறவர்கள் ஒன்று திட்டுவார்கள், இல்லையென்றால் பாட்டிலின் விலையைச் சொல்லி வியப்பார்கள். உங்கள் கட்டுரையாளர் என்ன தானியம், என்ன பீப்பாய், எப்படி வடிக்கிறார்கள் என்று சொல்ல முயன்றிருந்தார். அதனால்தான் ஒரு வரி விடாமல் படித்தேன். படித்து முடித்த பிறகு இரண்டு விஷயங்கள் உறுத்திக்கொண்டே இருந்தன.

ஒன்று, ரை (rye) என்ற தானியத்தைக் கட்டுரை முழுக்கக் கம்பு என்றே எழுதியிருந்தீர்கள். இரண்டு, முளைகட்டிய ரையில் சிறு ஆலைகள் செய்யும் விஸ்கிகளை வயது குறைவு, நிறம் வெளுப்பு, ஆகவே ஒரு படி கீழே என்று ஒரே பத்தியில் ஒதுக்கியிருந்தீர்கள். முதலாவது சொல் பிழை, திருத்திவிடலாம். இரண்டாவது, மதிப்பிடும் முறையிலேயே இருக்கும் பிழை. அதைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

நான் குன்னூரில் 34 ஆண்டுகள் டீ டேஸ்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஏலத்துக்கு வரும் தூளை வாயில் வைத்து, இது என்ன ரகம், எந்த மாதத்துக் கொழுந்து, உலர்த்தும்போது கருகியதா, ஈரம் தங்கியதா என்று சொல்வதுதான் தொழில். சீசனில் ஒரு நாளைக்குச் சில நூறு கப். ஒவ்வொன்றிலும் 2.8 கிராம் தூள், பழைய பிரிட்டிஷ் ஆறு பென்ஸ் காசின் எடை. கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் வைத்து வடித்தால் வரும் சாற்றுக்கு எங்கள் தொழிலில் லிக்கர் என்றே பெயர். நான் குடிக்கிற பழக்கம் உள்ளவன் அல்ல. வருடத்தில் ஓரிரு நாள், அதுவும் உறவுக்காரர்கள் கூடினால் உண்டு. ஆனால் ஒரு பொருளை மூக்காலும் நாக்காலும் நியாயமாக எடைபோடுவது எப்படி என்று தெரியும். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

முதலில் கம்பு விஷயம். கம்பு நம் மானாவாரிப் பயிர். வெயிலும் வறட்சியும் தாங்கும். ரை குளிர்நாட்டுப் பயிர். போலந்து, ஜெர்மனி, ரஷ்யா, பின்லாந்து என்று பனி விழும் மண்ணில் விளைவது. கோதுமைக்கும் பார்லிக்கும் நெருங்கிய சொந்தம். கம்பும் அதே புல் குடும்பம்தான் என்றாலும் வெகு தூரத்து உறவு. சொல்தானே, போனால் போகிறது என்று விட முடியாததற்கு ஒரு காரணம் இருக்கிறது. ரையில் குளூட்டன் வகைப் புரதம் உண்டு, கம்பில் கிடையாது. குளூட்டன் ஒத்துக்கொள்ளாத ஒருவர் வெளிநாட்டில் ரை ரொட்டியைப் பார்த்து, நம்ம கம்புதானே, பேப்பரில்கூட அப்படித்தான் போட்டிருந்தார்கள் என்று வாங்கிச் சாப்பிட்டால் அவர் பாடு கஷ்டம். ஓட்ஸை ஓட்ஸ் என்றும் பார்லியை பார்லி என்றும் எழுதுகிறோம். ரையை ரை என்றே எழுதிவிட்டால் யாருக்கும் ஒரு குழப்பமும் வராது.

இனி விஸ்கிக்கு வருகிறேன். உங்கள் கட்டுரை ஒதுக்கிய வகைக்கு இந்த ஊர்தான் பிறந்த வீடு. சான் பிரான்சிஸ்கோவில் பொட்ரேரோ ஹில் என்று ஒரு மேட்டுப் பகுதி இருக்கிறது. ஆங்கர் என்ற பழைய பீர் ஆலை பிற்காலத்தில் அங்கேதான் இருந்தது. 1965 இல் அது மூடப்படும் நிலையில் இருந்தபோது ஃப்ரிட்ஸ் மேடேக் என்ற இளைஞர் வாங்கிக் காப்பாற்றினார். வாஷிங் மெஷின் செய்த மேடேக் குடும்பத்துப் பிள்ளை. பீரை நிலைநிறுத்திய பிறகு 1993 இல் அதே ஆலையில் சின்னச் செப்பு வாலைகளை (வடிகலன்களை) வைத்து விஸ்கி வடிக்கத் தொடங்கினார். அதற்கு அவர் எடுத்தது நூற்றுக்கு நூறு முளைகட்டிய ரை. முதல் பாட்டில்கள் 1996 இல் வெளியே வந்தன. பெயர் ஓல்ட் பொட்ரேரோ.

அந்த ஆண்டுகளில் அமெரிக்காவில் ரை விஸ்கியைச் சீந்துவார் இல்லை. ஆனால் அந்த நாட்டின் பழைய விஸ்கியே அதுதான். பென்சில்வேனியாவிலும் மேரிலாந்திலும் குடியேறிய ஜெர்மானியரும் ஸ்காட்-ஐரிஷ் மக்களும் விளைந்த ரையை வடித்தார்கள். அதன்மேல் வரி போட்டதற்காக 1794 இல் ஒரு கலகமே நடந்தது. ஜார்ஜ் வாஷிங்டனே ஜனாதிபதி பதவி முடிந்து மவுண்ட் வெர்னன் பண்ணையில் ஒரு வடிப்பாலை நடத்தினார். 60 சதவீதம் ரை, 35 சதவீதம் மக்காச்சோளம், 5 சதவீதம் பார்லி மால்ட் என்பது அங்கே கலவை. 1799 இல் அந்த ஆலை ஏறக்குறைய 11,000 கேலன் வடித்தது. பிறகு 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. அதற்குப் பின் மக்காச்சோள விஸ்கியான போர்பன் சந்தையைப் பிடித்துக்கொண்டது, ரை ஒரு மூலைக்குப் போய்விட்டது. அந்த மூலையிலிருந்து அதை எடுத்துவந்து, அதுவும் முழுக்க முளைகட்டிய ரையில் செய்வேன் என்று ஒருவர் துணிந்ததை ஒரு வரியாவது எழுதியிருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

முளைகட்டுவதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நம் வீடுகளில் கேழ்வரகை ஊறவைத்து, துணியில் கட்டி, முளை விட்டதும் நிழலில் காயவைத்து, லேசாக வறுத்து மாவாக்குகிறோம் இல்லையா, அதேதான். தானியம் முளைக்கும்போது தனக்குள் இருக்கும் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகளைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். முளை நீளுவதற்குள் உலர்த்தி நிறுத்திவிட்டால் மால்ட். வழக்கமான அமெரிக்க ரையில் தானியத்தின் பெரும்பகுதி முளைகட்டாததாகவே இருக்கும். நொதிக்காகக் கொஞ்சம் பார்லி மால்ட் சேர்ப்பார்கள். முழுவதையும் ரை மால்ட்டாகவே எடுத்தால் செலவு கூடும், தொல்லையும் உண்டு. ரைக்கு உமி கிடையாது. தண்ணீரை வெகு சீக்கிரம் இழுத்துக்கொள்ளும். கொதிகலனில் போட்டால் பசைபோலக் கொழகொழவென்று ஆகும், நுரைத்துப் பொங்கும். முளைகட்டும்போது அந்தப் பசைத்தன்மை ஓரளவு உடைந்தாலும் பார்லி போலச் சொன்னபடி கேட்கிற தானியம் அது அல்ல. இவ்வளவு பாடும் ருசிக்காகத்தான். முளைகட்டாத ரை காரமும் வெடுக்கும் தரும். முளைகட்டிய ரை ரொட்டியும் பருப்பும் தேனும் தரும். காரம் இருக்கும், ஆனால் அடியில் இருக்கும்.

இதை ஏட்டில் படித்துவிட்டுச் சொல்லவில்லை. மூன்று வாரங்களுக்கு முன்பு மாப்பிள்ளை இரண்டு ஓல்ட் பொட்ரேரோ பாட்டில்கள் வாங்கி வந்திருந்தார். ஒன்று 18 ஆம் நூற்றாண்டு பாணி என்று எழுதியது, 51.2 சதவீத வலிமை. இன்னொன்று ஸ்ட்ரெய்ட் ரை, 48.5 சதவீதம். "மாமா, நீங்க டீக்குப் பண்ற மாதிரி இதுக்கும் பண்ணிப் பார்த்துச் சொல்லுங்களேன்" என்றார். செய்வதானால் சரியாகச் செய்ய வேண்டும் என்றேன். மூன்றாவதாக, இண்டியானா மாநிலம் லாரன்ஸ்பர்க்கில் இருக்கும் பெரிய ஆலையில் வடித்த, 95 சதவீதம் ரையும் 5 சதவீதம் பார்லி மால்ட்டும் சேர்ந்த ஒரு சாதாரண ரையையும் வைக்கச் சொன்னேன். ஒப்பிட ஒன்று இல்லாமல் எதையும் மதிப்பிட முடியாது.

சமையலறையில் வைக்க முடியவில்லை. அங்கே என் மனைவி பேரனுக்காக முளைகட்டிய கேழ்வரகை வறுத்துக்கொண்டிருந்தார். அந்த மணம் வீடு முழுக்கப் பரவும். தெருப்பக்கத்து அறையில் ஜன்னலைத் திறந்துவைத்து அரை மணி நேரம் காத்திருந்தோம். வடக்கு வெளிச்சம் வரும் ஜன்னல். டேஸ்டிங் ரூமில் நாங்கள் எப்போதும் வடக்கு வெளிச்சத்தில்தான் வேலை செய்வோம், நேர் வெயில் நிறத்தை ஏமாற்றிவிடும் என்பதால். அடி அகன்று வாய் குறுகிய மூன்று கிளாஸ்கள். ஒவ்வொன்றிலும் 20 மில்லி. மாப்பிள்ளை வேறு அறையில் ஊற்றி, அடியில் எண் ஒட்டிக் கொண்டுவந்தார். எது எந்த பாட்டில் என்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு டீஸ்பூன், துப்புவதற்கு ஒரு பாத்திரம். ஆமாம், துப்பினேன். நாள் முழுக்கக் கப் கப்பாகச் சுவைப்பவன் விழுங்கினால் மாலையில் நாக்கு செத்துவிடும். விஸ்கியில் இன்னும் சீக்கிரம் செத்துவிடும். அன்று முழுவதும் நான் விழுங்கியது எல்லாம் சேர்த்து இரண்டு ஸ்பூன் இருக்கலாம்.

டீயை நாங்கள் ஸ்பூனில் எடுத்துக் காற்றோடு சேர்த்து உறிஞ்சி இழுப்போம். மணம் மூக்கின் பின்பக்கம் ஏறுவதற்காக. அந்தப் பழக்கத்தில் முதல் கிளாஸையும் அப்படியே இழுத்தேன். செய்யக் கூடாதது அது. 50 சதவீத ஆவி தொண்டையில் ஏறி, ஐந்து நிமிடத்துக்கு எந்த மணமும் தெரியவில்லை. தண்ணீர் குடித்து, வெறும் ரொட்டித் துண்டு ஒன்றை மென்று, மீண்டும் ஆரம்பித்தேன். விஸ்கிக்கு முறை வேறு. கிளாஸைக் கீழ் உதட்டின் மட்டத்தில் பிடித்து, வாயைச் சற்றே திறந்துவைத்து, மெதுவாக முகர வேண்டும். ஆழமாக இழுக்கக் கூடாது. முதல் முகர்வில் ஆல்கஹால்தான் வரும். மூன்றாவது நான்காவது முகர்வில்தான் தானியம் வெளியே வரும். அவசரப்படுகிறவருக்கு எல்லா விஸ்கியும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

ஒன்றாம் எண். நிறம் மூன்றிலும் வெளுப்பு, வைக்கோல் நிறம். முகர்ந்தால் முதலில் மழை நனைத்த வைக்கோல், அப்புறம் வெண்ணெய், அப்புறம் பச்சை வேர்க்கடலையைத் தோலோடு உரிக்கும்போது வரும் மணம். பிறகு, பின்னாலிருந்து, எனக்கு மிக நன்றாகத் தெரிந்த ஒன்று. பேர் சட்டென்று வரவில்லை. வாயில் வைத்ததும் எண்ணெய்ப் பசையோடு நாக்கில் படர்ந்தது. இனிப்பு முன்னால், சோம்பு நடுவில், பிறகு வெள்ளை மிளகின் காரம். கடைசியில் பச்சை மரத்தின் துவர்ப்பு கொஞ்சம் தூக்கலாக நின்றது. அது எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் துவர்ப்போடு 34 ஆண்டு வாழ்ந்தவன் நான். நல்ல துவர்ப்பு எது, கெட்ட துவர்ப்பு எது என்று தெரியும். நல்ல துவர்ப்பு ஈறுகளைப் பிடித்துவிட்டு விட்டுவிடும், வாயில் எச்சில் ஊறும். கெட்டது நாக்கின் நடுவில் மண்போல ஒட்டிக்கொள்ளும். இது விட்டுவிட்டது.

இரண்டாம் எண் நல்ல சிவப்பு கலந்த தேன் நிறம். மூக்கில் வெல்லப்பாகு கம்பிப்பதம் தாண்டிக் கருகப்போகும் நேரத்து மணம், கிராம்பு, வெனிலா, கூடவே கொப்பரை. ஓக் மரத்தில் கொப்பரை மணம் தரும் ஒரு பொருள் உண்டு, அமெரிக்க ஓக்கில் அது அதிகம். நம்மவர்கள் மூக்குக்கு அது உடனே பிடிபடும். வாயில் கோகோ, வறுத்த ரொட்டி ஓரம், சுக்கு. மூன்றில் மிகத் தேர்ந்தது இதுதான். ஆனால் மரம் நிறையப் பேசியது, தானியம் அதற்குப் பின்னால் நின்று பேசியது.

மூன்றாம் எண் சுறுசுறுப்பானது. புதினாத் தண்டு, சதகுப்பைக் கீரை, எலுமிச்சைத் தோல். வாயில் வைத்த கணமே காரம், சட்டென்று மேலே போய் சட்டென்று இறங்கிவிட்டது. நன்றாகத்தான் இருந்தது. நடுவில் மட்டும் ஒரு வெற்றிடம். டீயில் பாடி, அதாவது வாயில் நிற்கும் கனம், இல்லை என்று சொல்வோமே, அது.

இங்கே ஒரு விஷயத்தை உங்கள் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். உங்கள் கட்டுரை எரிச்சலையும் காரத்தையும் ஒன்றாகவே எழுதியிருந்தது. தமிழில் நமக்கு இரண்டும் தனித்தனிச் சொல், ருசியிலும் தனித்தனிதான். ஆல்கஹாலின் எரிச்சல் உதட்டிலும் நாக்கு நுனியிலும் தொடங்கும். ரையின் காரம் மிளகு ரசம் போல, விழுங்கிய பிறகு தொண்டையில் தெரியும். எது எது என்று பிரிக்க ஒரு வழி இருக்கிறது, தண்ணீர். ஒன்றாம் கிளாஸில் புதிதாக 20 மில்லி ஊற்றி ஒரு டீஸ்பூன் தண்ணீர் சேர்த்தேன். 51.2 இருந்தது ஏறக்குறைய 41 சதவீதத்துக்கு இறங்கிவிடும். எரிச்சல் போய்விட்டது. மிளகு போகவில்லை. இன்னொரு கிளாஸில் விஸ்கியைப் போல ஒன்றரை மடங்கு தண்ணீர், அதாவது 30 மில்லி ஊற்றினேன். 20 சதவீதத்துக்கு வந்துவிட்டது. விஸ்கி கலக்கும் கைதேர்ந்தவர்கள் ஏறக்குறைய அந்த வலிமையில் வைத்துத்தான் முகர்ந்து பார்ப்பார்கள். அந்த நிலையிலும் சுக்குத் தண்ணீர்போல இளங்காரம் நின்றது. அப்படி நிற்பது தானியத்துடையது. மூன்றாம் எண்ணை அதே அளவு நீர்த்தபோது புதினா மட்டும் மிஞ்சியது.

தண்ணீர் சேர்ப்பது விஸ்கியைக் கெடுப்பது என்ற எண்ணம் நம் ஊரில் இருக்கிறது. உங்கள் கட்டுரையிலும் அந்த வாடை அடித்தது. 2017 இல் ஸ்வீடனின் லினேயஸ் பல்கலைக்கழகத்தில் கார்ல்சன், ஃப்ரீட்மன் என்ற இரு விஞ்ஞானிகள் இதைக் கணினியில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். நீர்த்தால் சில மணப் பொருள்கள் திரவத்தின் மேற்பரப்புக்கு வந்து சேர்கின்றன, வலிமை கூடியிருந்தால் உள்ளேயே அமுங்கிக் கிடக்கின்றன. ஐஸ் வேறு விஷயம். குளிர்ச்சி மணத்தை அடைத்துவிடும். மதிப்பிடும்போது ஐஸ் வேண்டாம்.

எண்களைத் திருப்பிப் பார்த்தோம். ஒன்று, 18 ஆம் நூற்றாண்டு பாணி. இரண்டு, ஸ்ட்ரெய்ட் ரை. மூன்று, இண்டியானா. உங்கள் கட்டுரையின் கணக்குப்படி ஒன்றாம் எண்தான் கடைசியில் வர வேண்டும். நிறம் வெளுப்பு, வயதும் குறைவு. ஏன் வெளுப்பு? ஸ்ட்ரெய்ட் ரை என்ற பெயர் வேண்டுமானால், அமெரிக்கச் சட்டப்படி உட்புறம் கரியாகச் சுட்ட புதிய ஓக் பீப்பாயில் குறைந்தது இரண்டு ஆண்டு இருக்க வேண்டும். நிறமும் வெனிலாவும் வெல்லப்பாகும் பெரும்பாலும் அந்தக் கரியிலிருந்து வருபவை. 18 ஆம் நூற்றாண்டு பாணியை, கரியாக்காமல் தீயில் வாட்டிய பீப்பாயில் வைக்கிறார்கள், பழைய காலத்துப் பீப்பாய்கள் அப்படி இருந்திருக்கும் என்ற யோசனையில். ஆக அது வெளுத்திருப்பது குறையால் அல்ல, அப்படியே வேண்டும் என்று செய்தது. மரத்தை அடக்கித் தானியத்தை முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள்.

நிறத்தை வைத்து மதிப்பிடுவதைப் பற்றி இன்னொன்று. ஸ்காட்ச்சில் நிறத்துக்காகக் கேரமல் சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. அமெரிக்க ஸ்ட்ரெய்ட் ரையில் சேர்க்கக் கூடாது. ஆகவே இருட்டு நிறம் பழைய விஸ்கி என்ற கணக்கு எல்லா இடத்திலும் செல்லாது. டீயிலும் இந்த மயக்கத்தைப் பார்த்திருக்கிறேன். தூளைப் போட்டதும் கறுப்பாக இறங்கினால் ஸ்ட்ராங் என்று வாங்கிப்போவார்கள். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும்போது நீலகிரி மேட்டில் பறித்த கொழுந்தின் சாறு வெளிர் மஞ்சளாக இருக்கும். அந்த மணத்துக்குத்தான் ஏலத்தில் போட்டி.

வயதும் அப்படியே. புதிய, சுட்ட பீப்பாயில் ஒரு விஸ்கி ஆறு ஆண்டில் எடுத்துக்கொள்ளும் மரத்தை, ஏற்கெனவே பயன்படுத்திய பீப்பாயில் ஸ்காட்லாந்துக் குளிரில் அதே ஆறு ஆண்டில் எடுக்காது. இரண்டையும் ஒரே வயதுப் பட்டியலில் வைத்துப் பார்ப்பது சரியில்லை. அதுபோலவே, சிங்கிள் மால்ட் (ஒரே ஆலையில் மால்ட்டிலிருந்து மட்டும் வடித்தது) என்றாலே பார்லி என்று முடிவாக எழுதியிருந்தீர்கள். ஸ்காட்லாந்தில் அது சரி. அமெரிக்க சிங்கிள் மால்ட் என்று 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புதிய வரையறையும் பார்லியைத்தான் சொல்கிறது. ஆனால் அதே நாட்டுச் சட்டத்தில் ரை மால்ட் விஸ்கி என்ற தனி வகை வெகுகாலமாக இருக்கிறது, அதில் பாதிக்கு மேல், 51 சதவீதமாவது, முளைகட்டிய ரை வேண்டும். பின்லாந்தில் இசோக்யூரோ என்ற ஊரில் ஒரு பழைய பால் பண்ணை ஆலையை க்யூரோ என்ற நிறுவனம் வடிப்பாலையாக்கி, 2014 முதல் முழுக்க ரை மால்ட்டிலேயே விஸ்கி செய்கிறது. பக்கத்தில் பெங்களூரு அம்ருத்கூட ரை மால்ட்டில் ஒரு விஸ்கி கொண்டுவந்தது. அதை ஒரு வரி சேர்த்திருந்தால் நம் வாசகர்களுக்கு நெருக்கமாக இருந்திருக்கும்.

ஒன்றாம் கிளாஸில் பேர் வராமல் நின்ற அந்த மணத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தபோது என் மனைவி, வறுத்த கேழ்வரகைத் தட்டில் ஆறவிட்டுவிட்டு அறைக்குள் வந்தார். அவர் மதுவைத் தொட்டதில்லை. "என்னங்க, இவ்வளவு நேரமா அதையே மோந்துக்கிட்டு இருக்கீங்க" என்றார். மோந்து மட்டும் பார் என்று 20 சதவீதத்துக்கு நீர்த்த கிளாஸை நீட்டினேன். முகத்தைச் சுளிப்பார் என்று நினைத்தேன். இரண்டு முறை முகர்ந்துவிட்டு, "முளைகட்டின கேப்பை காயற வாசனை மாதிரி இருக்கு. துணி ஈரம் போகிற சமயத்துல வருமே, அது" என்றார்.

அதேதான். ஆனால் என் தொழில் புத்தி உடனே ஒப்புக்கொள்ளவில்லை. வீடு முழுக்க அந்த மணம் இருக்கும்போது இருவர் மூக்குமே ஏமாறலாம். டேஸ்டிங் ரூமில் பக்கத்து அறையில் யாராவது ஊதுபத்தி ஏற்றினாலே அன்றைய பேட்ச் முழுவதையும் மறுநாளைக்குத் தள்ளிவைப்போம். அதனால் மூன்று காலி கிளாஸ்களையும் கழுவாமல், மூடாமல், அந்த அறையிலேயே ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன். மறுநாள் விடியற்காலை, வீட்டில் அடுப்பு பற்றவைக்கும் முன், பல் துலக்காமல், பச்சைத் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டுப் போய் எடுத்தேன். இரவு பூராவும் இந்த ஊர்ப் பனிமூட்டம் அறைக்குள் வந்து போயிருந்தது. ஆல்கஹால் முழுக்கப் போய், அடியில் காய்ந்த ஒரு வளையம் மட்டும் மிஞ்சியிருந்தது. காலி கிளாஸ் பொய் சொல்லாது, விஸ்கி கலப்பவர்களும் அதை முகர்ந்து பார்ப்பார்கள். மூன்றாவதில் லேசான மர மணம், வேறு ஒன்றும் இல்லை. இரண்டாவதில் கோகோவும் கொப்பரையும். முதலாவதில் முளைகட்டிய தானியம், உலர்ந்து, கொஞ்சம் தேன் கலந்து, தெளிவாக இருந்தது. மனைவி சொன்னது சரி.

ஆங்கர் பீர் ஆலை 2023 இல் மூடப்பட்டது. விஸ்கிப் பிரிவு அதற்கு முன்பே தனியாகப் பிரிந்து, 2018 இல் ஹோட்டலிங் என்ற பெயர் பெற்றது. 1906 நிலநடுக்கத்தையும் தீயையும் தாண்டித் தப்பிய இந்த ஊரின் ஒரு பழைய விஸ்கிக் கிடங்கின் பெயர் அது. ஓல்ட் பொட்ரேரோ இன்னும் கிடைக்கிறது. இங்கே வரும் உங்கள் வாசகர்கள் யாராவது இந்த வகையைச் சுவைக்க நேர்ந்தால், லேபிளில் உள்ள ஆண்டைப் பார்க்கும் முன் கிளாஸில் தானியத்தைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். 20 மில்லி போதும், ஒரு டீஸ்பூன் தண்ணீர், அரை மணி நேரம்.

கட்டுரைக்கு ஒரு திருத்தம் வெளியிடுவீர்கள் என்று நம்புகிறேன். ரையைக் கம்பு என்று எழுதியதையாவது அவசியம் திருத்துங்கள், குளூட்டன் விஷயத்தையும் சேர்த்தே போடுங்கள். சுவை பற்றி நான் எழுதியதில் மாற்றுக் கருத்து இருந்தால் கட்டுரையாளர் எழுதட்டும். அவரும் மூன்று கிளாஸ் வைத்து, எண் ஒட்டி, பார்க்காமல் சுவைத்த பிறகு எழுதினால் அவர் குறிப்பை என் குறிப்போடு வைத்துப் படிக்க மிகவும் ஆவலாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டீ டேஸ்டர்,
குன்னூர்
(தற்போது சான் பிரான்சிஸ்கோவிலிருந்து)